ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கணும்? உங்க அளவை நீங்களே கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

8 டம்ளர்ங்கறாங்க, 3 லிட்டர்ங்கறாங்க, காலைல எழுந்ததும் வெறும் வயித்துல ஒரு லிட்டர் குடிச்சே ஆகணும்னு வேற சொல்றாங்க. இதுல எதை நம்பறதுன்னு தெரியாம நிறைய பேர் ஒண்ணு தாகமே இல்லாதப்போ கூட வலுக்கட்டாயமா குடிக்கறாங்க, இல்லன்னா வேலை மும்முரத்துல சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி கூட குடிக்காம இருந்துடறாங்க. ரெண்டுமே உடம்புக்கு நல்லது இல்ல. எல்லாருக்கும் பொருந்தற ஒரே நம்பர்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஆனா உங்க உடம்புக்கு, உங்க வேலைக்கு, உங்க ஊர் வெயிலுக்கு எவ்வளவு வேணும்னு நீங்களே கண்டுபிடிக்க முடியும், அதுக்கு பெரிய டெஸ்ட் எதுவும் வேண்டாம், கொஞ்சம் கவனிச்சா போதும். எப்படின்னு படிப்படியா சொல்றேன்.

முதல்ல அந்த 8 டம்ளர் கணக்கு எங்க இருந்து வந்துச்சு

1945ல அமெரிக்காவோட உணவு ஊட்டச்சத்து வாரியம் ஒரு பரிந்துரை வெளியிட்டாங்க, பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 2.5 லிட்டர் தண்ணி தேவைன்னு. அதுக்கு அடுத்த வரியிலயே இதுல பெரும்பகுதி நாம சாப்பிடற சாப்பாட்டுலயே இருக்குன்னும் எழுதியிருந்தாங்க. அந்த ரெண்டாவது வரியை எல்லாரும் விட்டுட்டாங்கன்னுதான் பல பேர் நினைக்கறாங்க, அந்த 2.5 லிட்டரையும் டம்ளர்ல ஊத்தி குடிக்கணும்னு ஆகிப்போச்சு. 2002ல ஹெயின்ஸ் வால்டின்னு ஒரு கிட்னி நிபுணர், இந்த 8 டம்ளர் விதிக்கு அறிவியல் ஆதாரம் ஏதாவது இருக்கான்னு உக்காந்து தேடி ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினார், ஆரோக்கியமா இருக்கற சாதாரண ஆளுங்களுக்கு இதை கட்டாயம்னு சொல்ல ஒரு ஆதாரமும் அவருக்கு கிடைக்கல.

2022ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வு இன்னும் பெருசு. 23 நாடுகள்ல 5,604 பேர், பிறந்து 8 நாள் ஆன குழந்தைல இருந்து 96 வயசு வரைக்கும், அவங்க உடம்புல ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி உள்ள வந்து வெளிய போகுதுன்னு அளந்தாங்க. ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம் இருந்துச்சு. வயசு, உடம்பு சைஸ், உழைப்பு, வெயில், ஈரப்பதம், எவ்வளவு உயரமான இடத்துல வாழறாங்க, எல்லாமே அளவை மாத்துது. அப்புறம் எப்படி ஒரே நம்பர் எல்லாருக்கும் சரியா வரும்?

தண்ணி உள்ள போய் என்ன ஆகுது, இது புரிஞ்சா மீதி எல்லாம் ஈஸி

பெரியவங்க உடம்பு எடைல பாதிக்கு மேல தண்ணிதான், ஆண்களுக்கு சுமார் 60 சதவீதம், பெண்களுக்கு அதைவிட கொஞ்சம் கம்மி, பிறந்த குழந்தைக்கு முக்கால்வாசி. ரத்தம் ஓடறது, வேர்வை வழியா உடம்பு சூடு தணியறது, கழிவு வெளிய போறது, மூட்டு உராயாம இருக்கறது எல்லாமே இதை நம்பித்தான் இருக்கு.

தினமும் வெளிய போற கணக்கை பாருங்க. மூச்சு வழியாவும், நமக்கே தெரியாம தோல் வழியாவும் சுமாரா 800 மில்லி போயிடும். மலத்துல 100, 200 மில்லி. யூரின் 1 லிட்டர்ல இருந்து 2 லிட்டர். இதுக்கு மேல வேர்வை, ஏசி ரூம்ல உக்காந்திருந்தா ரொம்ப கம்மி, வெயில்ல உழைச்சா ஒரு மணி நேரத்துலயே ஒரு லிட்டருக்கு மேல போகும்.

கிட்னி ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிட்டு ஒண்ணு ரெண்டு லிட்டரை மட்டும்தான் வெளிய விடுது. இதோட கண்ட்ரோல் மூளைகிட்ட இருக்கு. ரத்தத்தோட அடர்த்தி 1, 2 சதவீதம் கூடினாலே மூளை கண்டுபிடிச்சுடும், உடனே வாசோபிரெசின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும், அது கிட்னிகிட்ட தண்ணியை வெளிய விடாதேன்னு சொல்லும், யூரின் அடர் மஞ்சளா கொஞ்சமா வரும், கூடவே தாகமும் எடுக்கும். தண்ணி அதிகமாயிட்டா அந்த ஹார்மோன் குறையும், யூரின் தண்ணி மாதிரி நிறைய வரும்.

"தாகம் எடுக்குதுன்னாலே லேட்டு, ஏற்கனவே டீஹைட்ரேட் ஆயிட்டீங்க"ன்னு சொல்றதை நிறைய கேட்டிருப்பீங்க. ஆரோக்கியமான ஆளுக்கு இது சரி கிடையாது. தாகம் சீக்கிரமே எடுத்துடும், நீர் இழப்பால உழைக்கற திறனும் கவனமும் நல்லா குறைய ஆரம்பிக்கறது பொதுவா உடம்பு எடைல 2 சதவீதம் அளவுக்கு தண்ணி போனதுக்கு அப்புறம்தான், அதாவது 60 கிலோ ஆளுக்கு 1.2 லிட்டர். தாகம் எடுத்தவுடனே குடிக்கறவங்க பயப்பட ஒண்ணும் இல்ல. தாகத்தை கவனிக்காம தள்ளிப்போடறதுதான் பிரச்சனை.

படி 1: நீங்க அளவோட குடிக்க வேண்டிய ஆளான்னு முதல்ல பாருங்க

இதை முதல்லயே வைக்கறதுக்கு காரணம் இருக்கு. தண்ணி நிறைய குடிங்கன்னு சொல்ற அறிவுரை சில பேருக்கு ஆபத்து. ஹார்ட் ஃபெயிலியர் இருக்கறவங்க, கிட்னி செயலிழந்தவங்க, டயாலிசிஸ்ல இருக்கறவங்க, கல்லீரல் பாதிச்சு வயித்துல நீர் கோத்தவங்க, ரத்தத்துல சோடியம் கம்மியா இருக்குன்னு டாக்டர் சொன்னவங்க, இவங்க எல்லாம் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல ஒரு டம்ளர் கூட கூட்டக்கூடாது. யூரின் அதிகமா போறதுக்கு மாத்திரை எடுக்கறவங்க, மனநலப் பிரச்சனைக்கு லித்தியம் மாத்திரை எடுக்கறவங்க, தண்ணி அளவை கூட்டறதோ குறைக்கறதோ டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் செய்யணும். இந்த லிஸ்ட்ல நீங்க இருந்தா கீழ இருக்கற நம்பர் எதுவும் உங்களுக்கு இல்ல. வீட்ல யாராவது இப்படி இருந்தா பாசத்துல தண்ணி குடி தண்ணி குடின்னு கட்டாயப்படுத்தாதீங்க, தயவு செஞ்சு.

படி 2: ஒரு ஆரம்ப அளவை எடுத்துக்கங்க

ரெண்டு பெரிய அமைப்புகளோட நம்பர் இருக்கு. ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையம் 2010ல சொன்னது ஆண்களுக்கு 2.5 லிட்டர், பெண்களுக்கு 2 லிட்டர். அமெரிக்காவோட இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2004ல சொன்னது ஆண்களுக்கு 3.7, பெண்களுக்கு 2.7. என்ன இவ்வளவு வித்தியாசம்னு தோணும். ரெண்டுமே பெரும்பாலும் அந்தந்த இடத்துல ஆரோக்கியமா இருக்கற ஜனங்க எவ்வளவு எடுத்துக்கறாங்கன்னு பாத்து போட்ட கணக்கு, இதுக்கு கீழ போனா நோய் வரும்னு அர்த்தம் இல்ல.

ரொம்ப முக்கியமா கவனிக்க வேண்டியது, இந்த நம்பர் எல்லாம் சாப்பாடு, பழம், டீ, காபி, பால், மோர், சூப் எல்லாத்துலயும் இருக்கற தண்ணியையும் சேத்துத்தான். பொதுவா சாப்பாட்டுல இருந்து மட்டும் 20 சதவீதம் வந்துடும், காய் பழம் நிறைய சாப்பிடறவங்களுக்கு இன்னும் கூடவே வரும், வெள்ளரிக்காய்ல 95 சதவீதம் தண்ணி, தர்பூசணில 90க்கு மேல. அப்போ குடிக்கறதா மட்டும் பாத்தா மிதமான வானிலைல, ரொம்ப வேர்க்காத வேலைல இருக்கற ஒரு பெண்ணுக்கு 1.6 லிட்டர், ஆணுக்கு 2 லிட்டர், இதை ஆரம்பப் புள்ளியா வெச்சுக்கலாம். டீ காபியும் இதுக்குள்ளயே அடக்கம். உடம்பு எடைக்கு கிலோவுக்கு 30 மில்லின்னு ஒரு கணக்கும் சொல்வாங்க, 60 கிலோன்னா 1.8 லிட்டர், இதுவும் கிட்டத்தட்ட அதே இடத்துலதான் வந்து நிக்குது.

காபி குடிச்சா தண்ணி எல்லாம் வெளிய போயிடும், அது கணக்குல வராதுன்னு ஒரு பயம் இருக்கு. தினமும் காபி குடிச்சு பழகின 50 ஆண்களை வெச்சு 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு, நாளைக்கு 4 கப் காபி குடிச்ச நாட்களுக்கும் அதே அளவு தண்ணி குடிச்ச நாட்களுக்கும் உடம்புல இருந்த நீர் அளவுல குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்ல. அளவா குடிக்கற டீ காபி தாராளமா கணக்குல சேரும். சாராயம், பீர் வகையறா சேராது, ஆல்கஹால் அந்த வாசோபிரெசின் ஹார்மோனையே அமுக்கிடும், அதனால யூரின் வழக்கத்தை விட அதிகமா வெளிய போகும். சர்க்கரை போட்ட கூல் டிரிங்க்ஸும் ஜூஸும் தண்ணிதான், ஆனா கூடவே வர்ற சர்க்கரைக்காக அதை தண்ணிக்கு பதிலா பழக்கிக்காதீங்க.

படி 3: ஒரு வாரம் யூரினை கவனிங்க

இதை விட நல்ல மீட்டர் வீட்ல கிடையாது. வெளிர் மஞ்சள், அதாவது எலுமிச்சை சாறுல தண்ணி கலந்த கலர், அதுதான் நமக்கு வேணும். அடர் மஞ்சள், தேன் கலர்னா குடிக்கறது பத்தல. கலரே இல்லாம பச்சை தண்ணி மாதிரி நாள் பூரா வந்துட்டே இருந்தா தேவைக்கு மேல குடிக்கறீங்க, அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல, கொஞ்சம் குறைக்கலாம். காலைல முதல்ல போறது எல்லாருக்குமே அடர்த்தியாத்தான் இருக்கும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, மதியம் சாயங்காலம் போறதை பாருங்க. எத்தனை தடவைங்கறதும் ஒரு அடையாளம், பகல்ல மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போகணும், காலைல போயிட்டு சாயங்காலம் வரைக்கும் போகவே தோணலைன்னா நிச்சயம் தண்ணி கம்மி.

சில விஷயம் கலரை ஏமாத்தும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டா பளிச்சுனு மஞ்சளா வரும், அது அதுல இருக்கற ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமினோட கலர், பீட்ரூட் சாப்பிட்டா சிலருக்கு சிவப்பா வரும், சில ஆன்டிபயாடிக் மாத்திரையும் மாத்தும். பீட்ரூட் எதுவும் சாப்பிடாம சிவப்பாவோ, தண்ணி குடிச்சும் கோலா மாதிரி கருத்தோ வந்தா அது தண்ணி பிரச்சனை இல்ல, டாக்டர்கிட்ட போங்க.

ஆரம்ப அளவுல ரெண்டு மூணு நாள் இருந்து பாத்துட்டு, அடர்த்தியா இருந்தா ஒரு டம்ளர் கூட்டுங்க, திரும்ப ரெண்டு நாள் பாருங்க. இப்படி செஞ்சா வாரக் கடைசிக்குள்ள உங்க சாதாரண நாளோட அளவு தெரிஞ்சுடும், அதுக்கப்புறம் எண்ணிட்டு இருக்க வேண்டிய அவசியமே இல்ல.

படி 4: வேர்க்கற நாளுக்கு தனி கணக்கு

சாதாரண நாள் அளவை கண்டுபிடிச்சாச்சு. வெயில்ல வேலை, ஓட்டம், ஜிம், விளையாட்டுன்னா அது வேற. இதுக்கு ஒரு அருமையான வழி இருக்கு, எடை மெஷின் இருந்தா போதும். உடற்பயிற்சிக்கு முன்னாடி குறைஞ்ச துணியோட எடை பாருங்க, முடிஞ்சதும் வேர்வையை துடைச்சுட்டு திரும்ப பாருங்க. குறைஞ்ச ஒவ்வொரு கிலோவும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி. உதாரணத்துக்கு 70 கிலோ இருந்தது ஒரு மணி நேரத்துல 69.2 ஆச்சு, நடுவுல 300 மில்லி குடிச்சீங்கன்னா, வேர்வை 800 கூட்டல் 300, அதாவது 1.1 லிட்டர். இந்த நம்பர் ஆளுக்கு ஆள் அரை லிட்டர்ல இருந்து 2 லிட்டர் வரைக்கும் கூட மாறும், பக்கத்துல ஓடறவர் குடிக்கற அளவை பாத்து நீங்க குடிக்கறதுல அர்த்தமே இல்ல.

ஓடும்போதே அந்த 1.1 லிட்டரையும் திருப்பி ஊத்தணும்னு இல்ல, எடை 2 சதவீதத்துக்கு மேல குறையாம பாத்துக்கிட்டா போதும், மீதியை முடிஞ்ச பிறகு ஒரு சில மணி நேரத்துல சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமா ஈடு கட்டலாம். பயிற்சி முடிஞ்சு எடை கூடியிருந்தா, அது எச்சரிக்கை, நீங்க வேர்த்ததை விட அதிகமா குடிச்சிருக்கீங்க.

வெயில்ல நாள் பூரா உடம்பு உழைப்பு இருக்கறவங்களுக்கு 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர், அதாவது 200, 250 மில்லி, இதுதான் பாதுகாப்பான முறை. இங்க தாகத்தை மட்டும் நம்பிட்டு இருக்க வேண்டாம், வேலை மும்முரத்துல தாகமே தெரியாம போகும். ஆனா ஒரு மணி நேரத்துல 1.4 லிட்டரை தாண்டாதீங்க. பல மணி நேரம் தொடர்ந்து வேர்த்தா உப்பும் சேந்து போகுது, அதனால வெறும் தண்ணியா மட்டும் குடிக்காம நேரத்துக்கு சாப்பிடுங்க, இல்லன்னா உப்பு சேர்ந்த பானம் எடுங்க.

படி 5: ஒரே மூச்சுல குடிக்காதீங்க, ஏன்னா கிட்னிக்கும் ஒரு எல்லை இருக்கு

நல்லா இருக்கற கிட்னியே ஒரு மணி நேரத்துல சுமார் 800 மில்லில இருந்து 1 லிட்டர் வரைக்கும்தான் வெளியேத்த முடியும். அதுக்கு மேல வேகமா குடிச்சுட்டே போனா ரத்தத்துல சோடியம் நீத்துப்போகும். சாதாரணமா லிட்டருக்கு 135ல இருந்து 145 மில்லிமோல் இருக்கணும், அது 135க்கு கீழ போனா ஹைபோநெட்ரீமியா. சோடியம் வேகமா குறையும்போது தண்ணி செல்லுக்குள்ள புகுந்து செல் வீங்கும், மண்டை ஓட்டுக்குள்ள மூளை வீங்க இடம் எங்க இருக்கு? தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, உயிர் போற அளவுக்கு கூட ஆகலாம். 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடி முடிச்ச 488 பேரோட ரத்தத்தை பரிசோதிச்சப்போ 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்துச்சு, ஓடும்போது எடை கூடினவங்களுக்குத்தான் ஆபத்து அதிகமா இருந்துச்சு. தண்ணி குடிக்கற போட்டி, ஒரே தடவைல 3 லிட்டர் சவால் மாதிரி விஷயங்களை பசங்க விளையாட்டா செய்வாங்க, உடனே தடுத்துடுங்க.

நாள் பூரா பிரிச்சு குடிக்கறதுதான் உடம்புக்கும் பிரயோஜனம். எழுந்ததும் ஒரு டம்ளர், ஒவ்வொரு சாப்பாட்டோடயும் ஒண்ணு, நடுநடுவுல ஒண்ணு ரெண்டுன்னு வந்தாலே பெரும்பாலானவங்களுக்கு போதும். சாப்பிடும்போது தண்ணி குடிச்சா செரிமானம் கெட்டுடும்னு பயப்பட வேண்டாம், வயிறு அதுக்கு ஏத்த மாதிரி அமிலம் சுரந்துக்கும். ராத்திரி அடிக்கடி எழுந்து போறவங்க படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே நிறுத்திட்டு, பகல்ல கூட்டிக்கங்க.

படி 6: வயசுக்கும் நிலைமைக்கும் ஏத்த மாதிரி மாத்துங்க

6 மாசம் ஆகாத குழந்தைக்கு தனியா தண்ணியே கொடுக்காதீங்க, வெயில் காலத்துல கூட. தாய்ப்பால்ல 87 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், அது போதும், தண்ணி கொடுத்தா வயிறு ரொம்பி பால் குடிக்காது, சோடியமும் சீக்கிரம் குறைஞ்சுடும். 4ல இருந்து 8 வயசுக்கு சாப்பாட்டோட சேத்து மொத்தம் 1.6 லிட்டர் வேணும்னு ஐரோப்பிய ஆணையம் சொல்லுது, 14 வயசுக்கு மேல பெரியவங்க அளவுதான். விளையாட்டு மும்முரத்துல பசங்க கேக்க மாட்டாங்க, நாமதான் நடுவுல கூப்பிட்டு கொடுக்கணும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு வழக்கத்தை விட 300 மில்லி, பால் கொடுக்கறவங்களுக்கு 700 மில்லி கூடுதலா வேணும்.

வயசானவங்க விஷயத்துக்கு கொஞ்சம் அதிகமா அக்கறை எடுத்துக்கங்க, ஏன்னா மேல சொன்ன தாகம், யூரின் கலர் ரெண்டு அடையாளமும் அவங்களுக்கு சரியா வேலை செய்யாது. வயசாக ஆக தாக உணர்வு மங்கிடும், கிட்னியால யூரினை முன்ன மாதிரி அடர்த்தியாக்க முடியாது, அதனால உடம்புல தண்ணி குறைஞ்சிருந்தாலும் கலர் லேசாவே இருக்கலாம். தண்ணி குறைஞ்சிருக்கான்னு தோலை கிள்ளி பாக்கறதும் உதவாது, வயசானா தோலே தளர்ந்துடும். இவங்களுக்கு அடையாளத்துக்கு காத்திருக்காம நேரம் வெச்சு கொடுக்கறதுதான் வழி, பெண்களுக்கு குடிக்கறதா குறைஞ்சது 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர், டீ பால் மோர் எல்லாம் சேத்து, அவங்களுக்கு பிடிச்ச பானமாவே கொடுங்க. ராத்திரி பாத்ரூம் போக யாரையாவது எழுப்பணுமேன்னு தயங்கியே நிறைய பெரியவங்க தண்ணியை குறைச்சுடறாங்க, வாய்விட்டு சொல்லவும் மாட்டாங்க. அந்த தயக்கத்தை போக்கினா, நடக்கற வழியில ஒரு லைட் போட்டு வெச்சா, தானா குடிப்பாங்க.

கிட்னில கல் வந்தவங்களுக்கு அதிகமா குடிக்கறது உண்மையிலயே மருந்து மாதிரி. 1996ல வந்த ஒரு ஆய்வுல முதல் தடவை கல் வந்தவங்களை 5 வருஷம் கவனிச்சாங்க, தினமும் 2 லிட்டருக்கு மேல யூரின் வர்ற அளவுக்கு குடிச்சவங்கள்ல 12 சதவீதம் பேருக்குத்தான் திரும்ப கல் வந்துச்சு, வழக்கம்போல இருந்தவங்கள்ல 27 சதவீதம். இப்போ டாக்டருங்க யூரின் 2.5 லிட்டர் வரணும்னு சொல்றாங்க, அப்படின்னா குடிக்கறது 3 லிட்டர் பக்கம் போகும். அதே மாதிரி அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வர்ற பெண்கள், அதுவும் கம்மியா குடிக்கறவங்க, நாளைக்கு 1.5 லிட்டர் கூட்டினப்போ ஒரு வருஷத்துல சராசரியா 1.7 தடவைதான் இன்ஃபெக்‌ஷன் வந்துச்சு, கூட்டாம வழக்கம்போல குடிச்சவங்களுக்கு 3.2 தடவை, 2018ல ஒரு ஆய்வு இதை காட்டிச்சு. ஆபீஸ்லயோ ஸ்கூல்லயோ சுத்தமான பாத்ரூம் இல்லன்னு நாள் பூரா தண்ணி குடிக்காம இருக்கற பெண்கள் இதை கண்டிப்பா தெரிஞ்சுக்கணும், அங்க பாத்ரூமை சரி பண்ண சொல்லி கேளுங்க, அது உங்க உடல்நல உரிமை.

ஏற்கனவே போதுமான அளவு குடிக்கறவங்க இன்னும் கூட்டி குடிச்சா முகம் பளபளக்கும், உடம்புல இருக்கற நச்சு எல்லாம் வெளிய போயிடும்னு சொல்றதுக்கு வலுவான ஆதாரம் எதுவும் இல்ல.

படி 7: வாந்தி, வயித்துப்போக்கு வந்தா வெறும் தண்ணி பத்தாது

அப்போ உப்பும் சேந்து போறதால ஓஆர்எஸ், அதாவது உப்பு சர்க்கரை கரைசல் தான் வேணும். பாக்கெட்ல போட்டிருக்கற அளவு தண்ணில, ஒரு லிட்டர்னா சரியா ஒரு லிட்டர்ல கலக்குங்க, குறைச்சோ கூட்டியோ கலக்காதீங்க. பாக்கெட் கிடைக்கலன்னா கொதிச்சு ஆறின 1 லிட்டர் தண்ணில 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலை தட்டி அளந்து போடுங்க, உப்பு அதிகமாச்சுன்னா குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை எதுக்குன்னா, குளுக்கோஸும் சோடியமும் சேந்து இருந்தாத்தான் குடல் வேகமா உறிஞ்சும், தண்ணி அது பின்னாடியே போகும். வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு ஒவ்வொரு ஸ்பூனா திரும்ப ஆரம்பிங்க.

குழந்தைக்கு 6 மணி நேரமா யூரினே வரல, அழுதா கண்ணீர் வரல, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கு, தூங்கிட்டே இருக்கு, இதுல எது இருந்தாலும் வீட்ல பாத்துட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க. பெரியவங்களுக்கு எழுந்தா தலை சுத்தி விழற மாதிரி இருக்கறது, பேச்சு குழம்பறது, வெயில்ல இருந்து வந்து உடம்பு கொதிக்குது ஆனா நிதானம் இல்லங்கறது, இதுவும் அவசரம்தான். மயக்கத்துல இருக்கறவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.

இன்னொண்ணு, எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்கல, அடிக்கடி நிறைய யூரின் போகுது, ராத்திரியும் எழுந்து எழுந்து குடிக்கறீங்கன்னா அது வெயில்னு விட்டுடாதீங்க, சர்க்கரை நோயோட முதல் அறிகுறியா இருக்கலாம், ஒரு சுகர் டெஸ்ட் அந்த வாரமே எடுத்துடுங்க.